விடையைப் படித்தால் பிழை தெரியும்: கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் குழந்தைகள் தடுமாறும் இடங்கள்

இரண்டாம், மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கைத் தவறாகப் போட்டுவிட்டால், கவனம் போதவில்லை என்று கடிந்துகொண்டு, அதே மாதிரிக் கணக்குகளை இன்னும் இருபது எழுதச் சொல்வது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. மும்பையில், தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் தமிழ்க் குழந்தைகளுக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக்கொடுப்பவர்களில் ஒருத்தியாக, இந்த வழக்கத்தை விட்டுவிடும்படி பெற்றோரை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். கவனக் குறைவால் வரும் தவறு கணக்குக்குக் கணக்கு வேறு மாதிரி இருக்கும். குழந்தைகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தாலோ, ஒரே தவறு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதாவது, குழந்தை தன் மனத்தில் ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதை மிகுந்த கவனத்தோடுதான் பின்பற்றியிருக்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளின் கழித்தல் பிழைகளில் பலவற்றை இப்படிப்பட்ட விதிகளாகவே எழுதிக் காட்டி, அந்த விதிகளைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களைப் பழக்குவதற்கு 'பகி' என்ற கணினி நிரலையும் உருவாக்கியிருந்தார்கள். விதியே தவறாக இருக்கும்போது இருபது கணக்கு எழுதினால், அந்தத் தவறான விதிக்கு இருபது முறை பயிற்சி கிடைக்கிறதே தவிர வேறொன்றும் நடப்பதில்லை.

இந்த ஒரு கணக்குக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. மும்பையில் 1995-இல் தொடங்கப்பட்ட பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்துப் பார்க்க நடத்திவரும் அசர் ஆய்வில், ஒரு குழந்தையின் கணக்குத் திறனை அளக்க வைத்திருக்கும் படிகளில் கடன் வாங்க வேண்டிய இரண்டிலக்கக் கழித்தல் ஒன்று; அதற்கு அடுத்த படி வகுத்தல். வகுத்தல் கணக்கின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கழித்தல் இருப்பதால், இங்கே சரிசெய்யாமல் விட்ட பிழை அங்கே போய் நிற்கும். அப்போது கோளாறு வகுத்தலில் இருக்கிறதா கழித்தலில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும்.

சோதனைக் கணக்கு எப்படி இருக்க வேண்டும்

பிழையைக் கண்டுபிடிக்கக் கொடுக்கும் கணக்கு, வேறு வேறு பிழைக்கு வேறு வேறு விடை தருவதாக இருக்க வேண்டும். பலரும் கொடுக்கும் 52 − 27 இதற்குப் பயன்படாது. சரியான விடை 25. குழந்தை 35 என்று எழுதினால் அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: 2-இலிருந்து 7 போகாது என்பதால் திருப்பிப் போட்டு 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கலாம், அல்லது முறையாகக் கடன் வாங்கி 12-இலிருந்து 7-ஐக் கழித்துவிட்டு, 5-ஐ 4 ஆக்க மறந்திருக்கலாம். இரண்டு வழியிலும் ஒன்றுகள் இடத்தில் 5-தான் வருகிறது. ஒன்றுகள் இடத்து இலக்கங்களுக்கு இடையே வித்தியாசம் 5 ஆக இருக்கும் எந்தக் கணக்கிலும் இந்தக் குழப்பம் உண்டு.

ஆகவே 53 − 27 கொடுங்கள். சரியான விடை 26. திருப்பிக் கழித்தால் 34. கடன் வாங்கிய பிறகு குறைக்க மறந்தால் 36. மூன்றிலக்கத்துக்கு 403 − 157 மிகவும் உதவும். அதைப் பற்றிப் பின்னால் விரிவாக வருகிறது. குழந்தை கணக்குப் போடும்போது குறுக்கே பேசாதீர்கள், தவறான இடத்தில் முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம். போட்டு முடித்த பிறகு, விடை சரியாக இருந்தாலும் தவறாக இருந்தாலும், "எப்படிப் போட்டே, சொல்லு" என்று ஒரே தொனியில் கேளுங்கள்.

53 − 27 = 34 என்று எழுதினால்

குழந்தை ஒவ்வொரு இடத்தையும் தனித்தனிக் கணக்காகப் பார்த்து, எது பெரியதோ அதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. இதற்கு வித்திட்டவர்கள் பெரும்பாலும் பெரியவர்களாகிய நாம்தான். முதல் வகுப்பில் "பெரிய நம்பர்லேர்ந்துதான் சின்ன நம்பரைக் கழிக்கணும்" என்று சொல்லிக்கொடுத்தோம். குழந்தை அதை இம்மியும் பிசகாமல் செய்கிறது.

தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். குழந்தையை 53 எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: ஐந்து கட்டு, மூன்று உதிரி. இங்கே பலரும் செய்துவிடும் ஒன்று, 27-ஐயும் பக்கத்திலேயே குச்சியாக எடுத்து வைப்பது. அப்படி வைத்தால், இரண்டு குவியலையும் ஒப்பிட்டு எது அதிகம் என்று பார்க்கத்தான் குழந்தைக்குத் தோன்றும், அதாவது பழைய தவறுக்கே திரும்பிப் போகும். மேலே இருக்கும் எண் மட்டுமே நம்மிடம் இருக்கும் பொருள். கீழே இருப்பது எவ்வளவு எடுக்க வேண்டும் என்ற செய்தி. அதனால் 27-ஐ ஒரு துண்டுத்தாளில் எழுதி மட்டும் வையுங்கள்.

"ஏழு உதிரிக் குச்சி எனக்குக் கொடு" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மூன்றுதான் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரிக்கலாம் என்பது குழந்தைக்கே தோன்ற வேண்டும். நீங்கள் சொல்லிவிட்டால் அது இன்னொரு மனப்பாட விதியாகிவிடும். ரப்பர் பேண்டை அவிழ்த்ததும், எதையும் எடுப்பதற்கு முன், "இப்போ மொத்தம் எத்தனை குச்சி இருக்கு?" என்று கேளுங்கள். சில குழந்தைகள் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். சிலர் 63 என்பார்கள். நான்கு கட்டும் பதிமூன்று உதிரியும் சேர்ந்தால் அதே 53-தான், எதுவும் கூடவுமில்லை குறையவுமில்லை என்பது எண்ணிப் பார்க்காமலே வாயில் வரும்வரை இந்த ஓர் இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். எனக்குத் தெரிந்தவரை, கடன் வாங்கும் கணக்கில் வரும் பிழைகளில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் வருபவையே.

அதன் பிறகு குச்சியையும் நோட்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். கட்டை அவிழ்த்த உடனே நோட்டில் 5-ஐ அடித்து 4 எழுத வேண்டும். உதிரிகள் பதிமூன்றான உடனே 3-க்கு மேல் 13 எழுத வேண்டும். குச்சியில் முழுவதும் செய்து முடித்துவிட்டுப் பிறகு நோட்டுக்கு வந்தால், குழந்தைக்கு அவை இரண்டும் சம்பந்தமில்லாத இரண்டு வேலைகளாகவே இருக்கும்.

தாராவி 90 அடி சாலைப் பக்கம் அப்பாவோடு இட்லி வியாபாரத்தில் நிற்கும் சிறுமி ஒருத்தி என்னிடம் படிக்கிறாள். 65 ரூபாய்க்கு வாங்கியவர் 100 ரூபாய் நோட்டை நீட்டினால், ஐந்து ரூபாயை எடுத்து வைத்து "எழுபது" என்பாள், பிறகு பத்து ரூபாய்களாக வைத்து "எண்பது, தொண்ணூறு, நூறு" என்பாள்; 35 ரூபாய் சரியாகப் போய்ச் சேரும். அதே 100 − 65-ஐ நோட்டில் கொடுத்தபோது 165 என்று எழுதினாள்: 5-இலிருந்து 0 போக 5, 6-இலிருந்து 0 போக 6, 1 அப்படியே இறங்கியது. நூறு ரூபாயிலிருந்து செலவழித்த பிறகு நூற்றறுபத்தைந்து இருக்குமா என்று கேட்டதும், அவளே ரப்பரை எடுத்து அழித்துவிட்டாள். பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்யும் சிறுவர்களிடம் நடத்தி 1985-இல் வெளியான ஆய்வும் இதே நிலையைத்தான் பதிவு செய்திருக்கிறது: கடையில் சரியாக வரும் கணக்கு, தாளில் எழுதும்போது தவறிப்போகிறது. இத்தகைய குழந்தைகளுக்கு ஈர்க்குச்சியைவிடப் பணம்தான் நல்ல கருவி. பழைய காலண்டர் தாளில் நூறு, பத்து, ஒரு ரூபாய் நோட்டுகளாக வெட்டிக் கொடுத்து, சில்லறை மாற்றச் சொல்லுங்கள்.

53 − 27 = 36 என்று எழுதினால்

கடன் வாங்குவது தெரிகிறது. கொடுத்த இடத்தில் குறைவது தெரியவில்லை. இதற்குப் பெரும்பாலும் எழுதும் வரிசையை மாற்றினாலே போதும். முதலில் 3-ஐ 13 ஆக்கும் பழக்கத்தை விட்டு, முதலில் 5-ஐ அடித்து 4 எழுதிவிட்டுப் பிறகு 13 எழுதப் பழக்குங்கள். கட்டை எடுத்த பிறகுதானே உதிரி கிடைக்கிறது.

இந்த அடித்தெழுதுதல் நோட்டை அசிங்கப்படுத்துகிறது என்று கண்டிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கண்டிக்காதீர்கள். வில்லியம் பிரவுனெல் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1939-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இந்த அடித்தெழுதும் குறிப்பு எவ்வளவு துணை செய்கிறது என்பதை எடுத்துக்காட்டியது. கை பழகியதும் குழந்தைகள் தாமாகவே அதை விட்டுவிடுவார்கள்.

53 − 27 = 16 என்று எழுதினால்

விடை சரியாகப் பத்து குறைந்திருந்தால், குழந்தையிடம் இரண்டு முறைகள் கலந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மேல் எண்ணின் ஒன்றுகளோடு பத்தைக் கூட்டிவிட்டு, மேலே உள்ள 5-ஐத் தொடாமல், கீழே உள்ள 2-ஐ 3 ஆக்கிக் கழிக்கும் முறை ஒன்று உண்டு: 13-இலிருந்து 7 போக 6, 5-இலிருந்து 3 போக 2, விடை 26. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இப்படிப் படித்தவராக இருக்கலாம். இதில் தவறேதும் இல்லை. இரண்டு எண்களிலும் பத்தைக் கூட்டினால் வித்தியாசம் மாறாது என்பதே அதன் அடிப்படை. பள்ளியில் மேல் எண்ணைக் குறைக்கச் சொல்கிறார்கள், வீட்டில் கீழ் எண்ணைக் கூட்டச் சொல்கிறார்கள். குழந்தை இருவர் சொல்லையும் தட்டாமல் இரண்டையும் செய்து, 4-இலிருந்து 3-ஐக் கழித்து 16-இல் முடிக்கிறது. வகுப்பறையில் எந்த முறையோ அதையே வீட்டிலும் சொல்வதென்று பெரியவர்கள் பேசி முடிவு செய்துகொண்டால் இந்தப் பிழை மறைந்துவிடும். இன்னொரு முறையின் அழகை ஐந்தாம் வகுப்பில் காட்டிக்கொள்ளலாம்.

58 − 23 = 215 என்று எழுதினால்

கடன் வாங்கத் தேவையே இல்லாத இடத்தில் வாங்கியிருக்கிறது: 18-இலிருந்து 3 போக 15, 4-இலிருந்து 2 போக 2. அந்த வாரம் முழுவதும் கடன் வாங்கும் கணக்குகளை மட்டுமே கொடுத்ததன் விளைவு இது. இரண்டு வகையையும் கலந்து கொடுத்து, கணக்குப் போடுவதற்கு முன், கட்டை அவிழ்க்க வேண்டிய கணக்குகளுக்கு மட்டும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சில நாள் புள்ளி வைப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும், கழிக்கவே வேண்டாம்.

403 − 157: நடுவில் சைபர் வந்தால்

இருக்கும் பிழைகளிலேயே மிகுதியானவை இங்கேதான் வருகின்றன, ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை விடையிலேயே விட்டுச் செல்கிறது. சரியான விடை 246.

விடை 354 என்றால் முன்பு பார்த்த திருப்பிக் கழிக்கும் பழக்கம்தான். சைபரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டிலக்கத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். விடை 300 என்றால், போகாத இடத்திலெல்லாம் குழந்தை சைபர் போட்டிருக்கிறது; "மூணுலேர்ந்து ஏழு போகாது, அதனால ஒண்ணும் இல்லை" என்பது அதன் வாதம்.

விடை 256 என்றால் பத்து கூடியிருக்கிறது. நூறைப் பிரித்துப் பத்துகள் இடத்தில் 10 வைத்த குழந்தை, அதிலிருந்து ஒரு பத்தை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு 10-ஐ 9 ஆக்கவில்லை. விடை 346 என்றால் நூறு கூடியிருக்கிறது. சைபர் 9 ஆகும் என்பது மனப்பாடமாகத் தெரிகிறது. அந்த 9 எங்கிருந்து வந்தது என்பது தெரியாததால் 4 அப்படியே நிற்கிறது.

விடை 156 என்றால், அது பெரும்பாலும் நன்றாக யோசிக்கும் குழந்தையின் பிழை. பக்கத்தில் சைபர் இருப்பதால் அதைத் தாண்டி நேராக 4-இடம் போய்க் கடன் வாங்கி, 3-ஐ 13 ஆக்குகிறது. பிறகு பத்துகள் இடத்துக்கு வரும்போது 0-இலிருந்து 5 போகாது என்று மறுபடியும் நூறுகளிடம் வாங்குகிறது. இரண்டாவது முறை செய்தது சரிதான். முதல் முறை செய்ததைப் பணத்தில் வைத்துப் பார்த்தால் புரியும்: நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டுப் பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மீதித் தொண்ணூறு எங்கே? 246-க்கும் 156-க்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தொண்ணூறுதான். இதைக் குழந்தையையே கண்டுபிடிக்க விடுங்கள். அது கிடைத்தவுடன் குழந்தையின் முகத்தில் வரும் தெளிவு, பத்துப் பக்கப் பயிற்சியால் வராதது.

சரிசெய்வதற்கு, நான்கு நூறு ரூபாய் நோட்டையும் மூன்று ஒரு ரூபாயையும் கொடுத்து, ஏழு ஒரு ரூபாய் கேளுங்கள். கையில் பத்து ரூபாய் நோட்டே இல்லை. முதலில் ஒரு நூறைப் பத்துப் பத்துகளாக மாற்ற வேண்டும். அந்தப் பத்தில் ஒன்றை ஒரு ரூபாய்களாக மாற்ற வேண்டும். இப்போது கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பதிமூன்று ஒன்று. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு மொத்தம் இன்னும் 403-தானா என்று கேட்டுக்கொண்டே வாருங்கள்.

இது நன்றாகப் பதிந்த பிறகு, எழுத்தில் ஒரு சுருக்கம் சொல்லிக்கொடுக்கலாம். 403-இல் எத்தனை பத்துகள் இருக்கின்றன என்று கேட்டால், பத்துகள் இடத்தில் சைபரைப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லை" என்பார்கள். உண்மையில் நாற்பது பத்துகள் இருக்கின்றன. அந்த 40-இல் ஒன்றை எடுத்தால் 39. ஆகவே 4-ஐயும் 0-ஐயும் சேர்த்து ஒரே கோட்டால் அடித்து, மேலே 39 எழுதி, 3-ஐ 13 ஆக்கிவிடலாம். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். 0 எப்படி 9 ஆனது என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. ஆனால் பணத்தை மாற்றிப் பார்க்காத குழந்தைக்கு இதை முதலிலேயே சொன்னால், இதுவும் ஒரு மந்திரமாகத்தான் போய்ச் சேரும்.

படிகளெல்லாம் சரி, இலக்கம் மட்டும் ஒன்று தவறினால்

53 − 27 = 27 என்று எழுதும் குழந்தைக்குக் கடன் வாங்குவதில் குறையேதும் இல்லை; 13-இலிருந்து 7-ஐக் கழிப்பதில்தான் குறை. விரல்களை மடக்கும்போது கவனியுங்கள். "பதிமூணு, பன்னெண்டு, பதினொண்ணு" என்று பதிமூன்றிலேயே முதல் விரலை மடக்கினால், ஏழாவது விரலில் 7 வந்து நிற்கும், அதையே விடையாக எழுதிவிடும். பின்னோக்கி எண்ணுவதை விட்டு, பத்திலிருந்து எடுக்கப் பழக்குங்கள்: 13 என்பது பத்தும் மூன்றும்; பத்திலிருந்து 7 போனால் 3; அதோடு இருந்த 3-ஐச் சேர்த்தால் 6. குச்சியில் செய்தால், அவிழ்த்த கட்டிலிருந்தே ஏழையும் எடுத்துவிட்டு, உதிரி மூன்றைத் தொடாமல் விடுவதுதான் இது.

இங்கே வீட்டுத் தமிழ் நமக்குப் பெரிய துணை. பதிமூன்று, பதினாறு என்று சொல்லும்போதே பத்து காதில் விழுகிறது. இருபத்தொன்பதில் இருபதும் ஒன்பதும் அப்படியே இருக்கின்றன. மும்பைக் குழந்தைகள் பள்ளியிலும் தெருவிலும் கேட்கும் மராத்தியில் 29 என்பது 'ஏகோணதீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. 2019-இல் மகாராஷ்டிர அரசின் பாடநூல் நிறுவனமான பாலபாரதியின் இரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடநூலில், 21-ஐ 'வீஸ் ஏக்' என்று பிரித்துச் சொல்லும் முறையைக் கொண்டுவந்தபோது மகாராஷ்டிரத்தில் பெரிய விவாதமே எழுந்தது. பள்ளி ஆங்கில வழியாக இருந்தாலும், மராத்தி வழியாக இருந்தாலும், கட்டை அவிழ்க்கும் நேரத்தில் எண்ணைத் தமிழில் சொல்ல வையுங்கள்.

எண்கள் நேராக நிற்காவிட்டால்

305 − 48 கொடுத்தால், 48-ஐ 30-க்கு நேர் கீழே இடதுபுறம் ஒட்டி எழுதும் குழந்தைகள் உண்டு. கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதி, வலது ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மேலே ஒரு வரிசை காலியாக இருக்கட்டும்; அடித்தெழுதும் 4-க்கும் 13-க்கும் இடம் வேண்டும். பல நேரங்களில் தவறு அறிவில் இல்லை, நெருக்கி எழுதியதால் 13-இன் 1 பக்கத்து இடத்துக்குப் போய்விட்டதில்தான் இருக்கும்.

விடை சரி, காரணம் சொல்லத் தெரியவில்லை என்றால்

இது கண்ணில் படாத கோளாறு. 246 என்று சரியாக எழுதிய குழந்தையிடம், "இந்த ஒன்பது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், "மிஸ் அப்படித்தான் போடச் சொன்னாங்க" என்று பதில் வரலாம். அத்தகைய குழந்தை அடுத்த பாடத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் இதை மறந்திருக்கும்.

முதலில், விடையைச் சரிபார்க்கும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுங்கள். வந்த விடையோடு கழித்த எண்ணைக் கூட்டினால் மேல் எண் வர வேண்டும்: 246-ஓடு 157-ஐக் கூட்டினால் 403. முன்பு சொன்ன 354-ஓடு 157-ஐக் கூட்டினால் 511 வருகிறது. எங்கோ தவறிவிட்டது என்று நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. பிறகு, வேறொரு குழந்தை போட்டதாகச் சொல்லி 156 என்ற விடையுள்ள கணக்கைக் கொடுத்து, அந்தக் குழந்தை என்ன நினைத்து இப்படிப் போட்டிருக்கும் என்று கேளுங்கள். தன் தவறைப் பேசத் தயங்கும் குழந்தைகூட இதற்கு ஆர்வமாக வாய் திறக்கும்.

கடைசியாக, இதுவரை சொல்லிக்கொடுக்காத 5003 − 1278-ஐக் கொடுத்துவிட்டு, உதவி செய்யாமல் உட்கார்ந்திருங்கள். மனப்பாடமாகப் போடும் குழந்தை ஒரு சைபரை மட்டும் 9 ஆக்கிவிட்டு அடுத்ததில் திகைத்து நிற்கும். புரிந்துகொண்ட குழந்தை, ஆயிரத்தை நூறுகளாகவும், நூறைப் பத்துகளாகவும், பத்தை ஒன்றுகளாகவும் மாற்றிக்கொண்டு 3725-க்கு வந்து சேரும், அல்லது 500 பத்துகளில் ஒன்றை எடுத்து 499 என்று எழுதும். நின்றுவிட்டால் திட்ட வேண்டாம். ஐந்து ஆயிரம் ரூபாய்த் தாள்களை வெட்டிக் கொடுத்து, ஒரு ரூபாய்ச் சில்லறை கேளுங்கள்.